ஸ்லாலம் ஸ்கீ வாங்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மத்திய ஃப்ளோரிடாவில், ஆர்லாண்டோவுக்கு மேற்கே கிளெர்மான்ட் பக்கம் போனால் படகு கயிற்றால் இழுக்கத் தண்ணீர்மேல் சறுக்கிப் போகும் நீர்ச்சறுக்கு ஸ்கீ ஓட்டுவதற்கென்றே நீளவாக்கில் வெட்டிய ஏரிகளைப் பார்க்கலாம். அப்படி ஓர் ஏரியில்தான் நான் ஒற்றை ஸ்கீயில், அதாவது இரண்டு காலையும் ஒரே பலகையில் வைத்து, நிற்கக் கற்றேன். அதன் பிறகு தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பலரும் "எந்த ஸ்கீ வாங்கலாம்?" என்று கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

ஸ்லாலம் என்றால் சரியாக என்ன? நான் ஏரியில் சும்மா ஒற்றை ஸ்கீயில் போகிறேனே, அதுவும் ஸ்லாலம்தானா?

ஒற்றை ஸ்கீயில் போவதையே பொதுவாக ஸ்லாலம் என்று சொல்லிவிடுகிறார்கள். போட்டி ஸ்லாலம் என்பது அளந்து போட்ட ஒரு தடம். நீளம் 259 மீட்டர். படகு நடுவில் நேராகப் போகும். வலதும் இடதுமாக மாறி மாறி ஆறு மிதவைகள், ஒவ்வொன்றும் நடுக்கோட்டிலிருந்து 11.5 மீட்டர் தள்ளி இருக்கும். தடத்தின் நுழைவாயிலில் புகுந்து, ஆறையும் வெளிப்பக்கமாகச் சுற்றி, கடைசி வாயிலில் வெளியே வந்தால் ஓர் ஓட்டம் முழுமை. ஸ்கீ ஓட்டுகிறவர்கள் மிதவையைப் பந்து என்றுதான் சொல்வார்கள். நானும் இனி அப்படியே சொல்கிறேன்.

ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நீளவாக்கில் 41 மீட்டர். படகு மணிக்கு 58 கி.மீ. வேகத்தில் போனால் அந்த 41 மீட்டருக்கு ஏறத்தாழ இரண்டரை வினாடி ஆகும். அதற்குள் நீங்கள் குறுக்கே 23 மீட்டர் கடக்க வேண்டும். படகின் அலைகளை வெட்டி, மறுபக்கம் வேகத்தைக் குறைத்து, பந்தைச் சுற்றி மீண்டும் திரும்ப வேண்டும். முழுத் தடமும் 16 வினாடியில் முடிந்துவிடும்.

ஆறு பந்தும் எடுத்துவிட்டால், அதாவது சுற்றி வந்துவிட்டால், அடுத்த ஓட்டத்தில் படகு 3 கி.மீ. வேகம் கூட்டும். ஆண்களுக்கு உச்சம் 58 கி.மீ., பெண்களுக்கு 55. அமெரிக்கப் போட்டிகளில் 35 வயதைத் தாண்டிய ஆண்களுக்கும் 55தான். உச்சத்தைத் தொட்ட பிறகு வேகம் ஏறாது, கயிறு குறையும்: 18.25 மீட்டர், 16, 14.25, 13, 12, 11.25, 10.75, 10.25, 9.75. அமெரிக்காவில் இதையே '15 ஆஃப்', '22 ஆஃப்', '28 ஆஃப்' என்பார்கள். பழைய 75 அடிக் கயிற்றிலிருந்து எத்தனை அடி குறைத்தார்கள் என்பது அந்தக் கணக்கு.

இதில் எனக்கு இன்றும் வியப்பாக இருப்பது 11.25 மீட்டர் கயிறு. பந்து 11.5 மீட்டரில் இருக்கிறது. கயிறு அங்கே எட்டவே எட்டாது. மிச்சத்தை உடம்பையும் நீட்டிய கையையும் வைத்துத்தான் எட்ட வேண்டும். அமெரிக்க வீரர் நேட் ஸ்மித் 2013-இல் 9.75 மீட்டர் கயிற்றில் இரண்டரைப் பந்து எடுத்து உலக சாதனை படைத்தார். அங்கே கயிறு 1.75 மீட்டர் குறைவு!

வேகத்தையும் கயிற்றையும் முதலிலேயே விரிவாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. "இந்த ஸ்கீ நல்லதா?" என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது "எந்த வேகத்தில், எவ்வளவு கயிற்றில்?" என்பதைத்தான். அது தெரியாமல் இரண்டு ஸ்கீயை ஒப்பிடவே முடியாது.

உயர்தரப் போட்டி ஸ்கீ எனக்குத் தேவையா?

18.25 மீட்டர் கயிற்றில் 52 கி.மீ. வேகத்தில் ஆறு பந்தையும் அடிக்கடி எடுக்கிறீர்கள், 55-ஐ முயன்று பார்க்கிறீர்கள் என்றால் தேவை. அந்த இடத்தில் போட்டி ஸ்கீயின் குணம் உங்களுக்கு உதவ ஆரம்பிக்கும்.

அதற்குக் கீழே இருந்தால் நடுத்தர வகை ஸ்கீதான் உங்களுக்கு அதிகப் பந்து தரும். இதை நான் கஷ்டப்பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 46 கி.மீ. வேகத்தில் நான்கு பந்து எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், கடையில் இருந்ததிலேயே விறைப்பான, குறுகலான முழுக் கார்பன் ஸ்கீ ஒன்றை வாங்கினேன். படகு இழுத்ததும் தண்ணீரிலிருந்து எழுந்து நிற்பதே போராட்டமாகிவிட்டது. பந்தருகே வேகம் குறையும்போதெல்லாம் ஸ்கீயின் வால் அமிழ்ந்தது. கயிறு தொய்ந்து, பிறகு ஒரே இழுப்பாக இழுத்தது. அந்தக் கோடை முழுவதும் மூன்று பந்தைத் தாண்டவில்லை. நண்பர் ஒருவரின் அகலமான பழைய ஸ்கீயை இரவல் வாங்கி ஓட்டிய அன்றே ஐந்து எடுத்தேன். ஸ்கீயில் குறை இல்லை. நான் போன வேகத்துக்கு அது செய்யப்படவில்லை.

காரணம் எளிமையானது. ஸ்கீயைத் தண்ணீர் தாங்கும் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுகிறது. 58-இல் கிடைக்கும் தாங்கலில் ஏறத்தாழ 63 சதவீதம்தான் 46-இல் கிடைக்கும். அந்தக் குறையைப் பரப்பளவால் ஈடுகட்டியாக வேண்டும். 58-க்கு வடிவமைத்த குறுகிய ஸ்கீயில் அந்தப் பரப்பு கிடையாது.

ஆகவே உங்கள் மிகச் சிறந்த நாளை வைத்து ஸ்கீ வாங்காதீர்கள். வேலை முடிந்து களைப்போடு ஏரிக்குப் போகும் சாதாரண நாளில் எந்த ஓட்டத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டுகிறீர்களோ, அதற்கு வாங்குங்கள்.

நீளத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது? என் உயரத்தைப் பார்க்க வேண்டாமா?

உயரம் அவ்வளவு முக்கியமில்லை. எடையும் படகின் வேகமும்தான் முக்கியம். 55 கி.மீ. வேகத்துக்கு ஏறத்தாழ இப்படிச் சொல்லலாம்: 68 கிலோ வரை 65 அங்குலம், 66 முதல் 79 கிலோவுக்கு 66 அங்குலம், 77 முதல் 90 வரை 67, அதற்கு மேல் 68 அல்லது 69. எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதைக் கவனியுங்கள். நீங்கள் அந்த இடைப்பட்ட எடையில் இருந்து, 52-க்குக் கீழே ஓட்டுகிறீர்கள் என்றால் பெரியதை எடுங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் வடிவம் மாறும் என்பதால், ஒரு நிறுவனத்தின் 66 இன்னொன்றின் 67 போல நடந்துகொள்ளலாம். வாங்கும் முன் அந்தந்த மாடலின் எடை அட்டவணையைப் பார்த்துவிடுங்கள்.

எடையில் நேர்மையாக இருங்கள். கல்லூரிக் காலத்து எடையைச் சொல்லி ஸ்கீ வாங்கினால், அது முதல் பந்திலேயே அமிழ்ந்து காட்டிக்கொடுத்துவிடும்.

அகலமான ஸ்கீ என்றால் தொடக்கக்காரர்களுக்கானது என்கிறார்களே?

முன்பு அப்படித்தான் நினைத்தார்கள். இப்போது நன்றாகத் தேறியவர்களுக்கும் கொஞ்சம் அகலமான ஸ்கீ நிறையவே பொருந்துகிறது. அகலம் இருந்தால் எழுந்து நிற்பது சுலபம், முதுகும் கையும் தப்பிக்கும். பந்தைச் சுற்றும்போது வேகம் குறைந்தாலும் ஸ்கீ மிதந்து நிற்கும். ஆனால் அகலமான ஸ்கீயை ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குச் சாய்க்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும். 13 மீட்டர் கயிற்றுக்குக் கீழே போகும்போது அந்த நேரம் கையில் இருக்காது. 49 அல்லது 52-இல் ஓட்டுகிறவருக்கு அது தாராளமாக இருக்கிறது.

நாற்பது வயதுக்கு மேல் இந்த விளையாட்டுக்கு வருகிறவர்களுக்கு நான் தயங்காமல் அகலமான ஸ்கீயையே சொல்வேன்.

ஒரே பெயர், ஒரே வடிவம். ஒன்றின் விலை மற்றதைப் போல இரண்டு மடங்கு. உள்ளே என்னதான் இருக்கிறது?

வெளித்தோலும் உள்ளீடும்தான் வேறு. ஸ்கீயின் உள்ளே நுரை போன்ற ஒரு கோர் இருக்கும். அதன் மேல் ஃபைபர் துணியை ரெசினோடு சுற்றி, அச்சில் வைத்து, சூடும் அழுத்தமும் கொடுத்து எடுப்பார்கள். மலிவான ஸ்கீயில் கோர் பாலியூரித்தேன் நுரை, தோல் கண்ணாடி இழை. நடுத்தரத்தில் கண்ணாடி இழையோடு கார்பன் கலந்திருக்கும். அதைத்தான் 'கிராஃபைட்' என்று விற்கிறார்கள். உயர்தரத்தில் முழுக் கார்பன் தோலும், பி.வி.சி. அல்லது பி.எம்.ஐ. என்ற இன்னும் இலேசான, கெட்டியான நுரையும் இருக்கும்.

கார்பன் ஸ்கீ வளைந்த பிறகு சட்டென்று பழைய நிலைக்கு வரும். திரும்பி முடித்ததும் அலையை நோக்கி உங்களைத் தள்ளிவிடுவது போல ஓர் உணர்வு வரும். சரியான நிலையில் நிற்கிறவருக்கு அது பெரிய உதவி. பின்காலில் எடை விட்டு நிற்கிறவரிடமும் அதே வேகத்தோடுதான் அது நடந்துகொள்ளும். அப்போது ஸ்கீ முன்னால் பாய்ந்து கயிறு தொய்ந்துவிடும். கொஞ்சம் மெத்தென்று வளையும் கிராஃபைட் ஸ்கீ தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும்.

அமெரிக்காவில் புதிய உச்ச மாடல்கள் 1,500 டாலரைத் தாண்டிவிடுகின்றன. காலை ஸ்கீயில் பிடித்துவைக்கும் பைண்டிங் தனி. நடுத்தரம் அதில் ஏறத்தாழப் பாதி. வாரம் ஒருமுறை ஏரிக்குப் போகிறவர் அந்த வித்தியாசப் பணத்தைப் படகுக் கட்டணத்துக்கும் ஒரு நல்ல பயிற்சியாளருக்கும் கொடுத்தால் கூடுதல் பந்து நிச்சயம் வரும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ராக்கர், கான்கேவ், பெவல் என்று விளம்பரத்தில் போடுகிறார்கள். எதைப் பார்க்க வேண்டும்?

ராக்கர் என்பது ஸ்கீயைத் தரையில் வைத்துப் பக்கவாட்டில் பார்த்தால் தெரியும் வளைவு. வளைவு அதிகம் என்றால் எளிதில் திரும்பும், ஆனால் குறுக்கே போகும்போது வேகம் குறையும். தட்டையாக இருந்தால் விரைந்து ஓடும், திரும்ப அதிக இடம் கேட்கும்.

கான்கேவ் என்பது அடிப்பக்கத்தின் குழிவு. குழிவு தண்ணீரைப் பிடித்துக்கொள்வதால் ஸ்கீ விளிம்பில் உறுதியாக நிற்கும். பெவல் என்பது அடிப்பக்கமும் பக்கவாட்டும் சேரும் இடத்தில் உள்ள சரிவு. அது கூராக இருந்தால் ஸ்கீ தண்ணீரின் மேலாக, வேகமாக ஓடும். உருண்டையாக இருந்தால் தண்ணீர் அதைச் சுற்றிக்கொள்ளும். ஸ்கீ சற்று ஆழமாக அமர்ந்து, எளிதில் சாயும்.

இவற்றைத் தனித்தனியாக வைத்து ஒரு ஸ்கீயைத் தீர்மானிக்க முடியாது. அதிக ராக்கரின் வேகக் குறைவைக் கூரான பெவல் ஈடுகட்டியிருக்கலாம். வடிவமைப்பாளர் ஒன்றைக் கூட்டி மற்றதைக் குறைத்து ஒரு சமநிலைக்குக் கொண்டுவருகிறார். சமையலில் புளியை மட்டும் தனியாக ருசி பார்த்துக் குழம்பு எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாதல்லவா? ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

எந்த நிறுவனங்கள் நம்பகமானவை?

ரேடார், எச்.ஓ., கோனலி, டி3, குட், ஓப்ரையன் ஆகிய பெயர்கள்தான் ஏரிக்கரையில் அதிகம் காதில் விழும். விளையாட்டின் களம் ஃப்ளோரிடா என்றாலும், ஸ்கீ தொழிலின் தாய்வீடு சியாட்டில் பக்கம். ஹெர்ப் ஓப்ரையன் என்ற ஒரே மனிதர் முதலில் ஓப்ரையன், பிறகு எச்.ஓ., அதன் பிறகு ரேடார் என்று மூன்று நிறுவனங்களைத் தொடங்கினார். கோனலியும் அதே வாஷிங்டன் மாநிலத்தில்தான் தொடங்கியது. குட் நிறுவனம் யூட்டாவில். பனிச்சறுக்குக்கான கார்பன் கோல்கள் செய்த அனுபவத்தோடு நீர்ச்சறுக்குக்கு வந்தவர்கள். எடை குறைந்த முழுக் கார்பன் ஸ்கீ என்றால் முதலில் அவர்கள் பெயரைத்தான் சொல்வார்கள்.

வரிசையைப் புரிந்துகொண்டால் தேர்வு சுலபம். ரேடாரில் வேப்பர் போட்டிக்கு. செனட் அதைவிட அகலம், சற்றுக் குறைந்த வேகத்துக்கு. இரண்டுமே வெவ்வேறு உள்ளீட்டில், வெவ்வேறு விலையில் வந்திருக்கின்றன. எச்.ஓ.-வில் சிண்டிகேட் என்ற பெயர் இருந்தால் போட்டி வகை, ஆம்னி நடுத்தரம், ஃப்ரீரைடு தடம் இல்லாமல் ஏரியில் உலாவுகிறவர்களுக்கு. கோனலியில் ஜி.டி. என்ற பெயரில் வந்தவை மேல்தட்டு, அவுட்லா அகலமான, நிதானமான வகை.

எது சிறந்தது என்று கேட்டால் எனக்கு ஒரே பதில் கிடையாது. உங்கள் ஏரியில் உங்கள் எடையில், உங்கள் வேகத்தில் ஓட்டும் இரண்டு பேர் எதை வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அதைவிட நல்ல தொடக்கம் வேறில்லை.

உலக சாம்பியன் ஓட்டும் அதே ஸ்கீயை வாங்கினால்?

அவர் 58 கி.மீ. வேகத்தில், 10.75 மீட்டர் கயிற்றில் ஓட்டுவதற்காக அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். மாடல் ஒன்றாகவே இருந்தாலும் அவருடைய ஃபின் (ஸ்கீயின் வாலுக்கு அடியில் உள்ள தகடு), பைண்டிங் அமைப்பு உங்களுக்குப் பொருந்தாது. வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை. உங்கள் எடையும் வேகமும் அந்த அட்டவணைக்குள் வந்தால் தாராளமாக வாங்கலாம்.

இரண்டு ஸ்கீயை ஓட்டிப் பார்த்து ஒப்பிடுவது எப்படி?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். பெரும்பாலானவர்கள் இங்கேதான் தவறு செய்கிறார்கள்.

அமெரிக்காவில் ஸ்கீக்கென்றே இருக்கும் கடைகள் பல, சோதனைக்கு ஸ்கீ கொடுக்கின்றன. இலவசமாகவோ, சிறு கட்டணத்துக்கோ, வாங்கினால் கழித்துக்கொள்ளும் முறையிலோ கிடைக்கும். அப்படிக் கிடைத்த ஸ்கீயை எடுத்துப்போய் இரண்டு ஓட்டம் ஓட்டி, "ஆகா, பறக்கிறது!" என்று அன்றே வாங்கிவிடுகிறார்கள். புது ஸ்கீ முதல் நாள் எல்லோருக்கும் பறக்கும். புதிது என்பதால் நாமே கவனமாக நிற்கிறோம், முழங்காலை மடக்கி ஒழுங்காக ஓட்டுகிறோம். மூன்றாம் நாள்தான் பழைய பழக்கங்கள் திரும்பும். ஸ்கீயின் உண்மைக் குணமும் அப்போதுதான் தெரியும்.

நான் செய்வது இது. முதலில் என் பழைய ஸ்கீயில் நான்கு ஓட்டம். பிறகு சோதனை ஸ்கீயில் நான்கு. மறுபடி பழையதில் இரண்டு. கடைசி இரண்டைத் தவிர்க்காதீர்கள்; முதலில் தெரிந்த வித்தியாசம் ஸ்கீயால் வந்ததா, உடல் சூடாகிவிட்டதால் வந்ததா என்பது அங்கேதான் பிடிபடும். இதையே குறைந்தது மூன்று நாள் செய்கிறேன். ஒவ்வோர் ஓட்டத்திலும் எத்தனை பந்து என்று படகில் இருக்கிறவர் எழுதிவைக்க வேண்டும். மனக்கணக்கு உதவாது, ஆறு எடுத்தது நினைவில் நிற்கும், இரண்டில் விழுந்தது மறந்துபோகும்.

மற்றதெல்லாம் மாறாமல் இருக்க வேண்டும். அதே படகு, அதே ஓட்டுநர், அதே கயிறு. படகின் வேகத்தைப் பிடித்துவைக்கும் ஜீரோ ஆஃப் கருவியில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் கொண்ட அமைப்பு இருக்கும். நீங்கள் இழுக்கும்போது எஞ்சின் எப்படிப் பதில் கொடுக்க வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. அதை மாற்றினால் ஸ்கீயையே மாற்றியது போல உணர்வீர்கள். முடிந்தால் உங்கள் பைண்டிங்கையே கழற்றி, வாலிலிருந்து நிறுவனம் சொல்லும் தூரத்தில் சோதனை ஸ்கீயில் மாட்டுங்கள். முன் பூட் ஒரு துளை முன்னால் போயிருந்தாலே அது வேறு ஸ்கீ.

அப்புறம், எதைக் கவனிப்பது? நல்ல ஓட்டத்தை விட்டுவிட்டுக் கெட்ட ஓட்டத்தைப் பாருங்கள். தாமதமாக மூன்றாம் பந்துக்கு வந்து சேர்ந்தீர்கள், கை நீட்டிக்கிடக்கிறது, உடம்பு பின்னால் சாய்ந்திருக்கிறது. அந்த நிலையில் ஸ்கீ என்ன செய்கிறது? தொடர்ந்து திரும்பி உங்களை நான்காவதுக்குக் கொண்டுபோகிறதா, அல்லது அங்கேயே நின்று உங்களை முன்னால் கவிழ்க்கிறதா? எல்லாம் சரியாக நடக்கும்போது எந்த ஸ்கீயும் நல்ல ஸ்கீதான்.

பைண்டிங்: ரப்பர் பூட்டா, ஹார்ட் ஷெல்லா? பின்காலுக்கும் முழு பூட் வேண்டுமா?

உங்கள் கணுக்கால் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் இதில் அவசரம் கூடாது.

பின்காலுக்கு வெறும் பட்டை மட்டும் உள்ள அமைப்பில் கால் நுழைப்பது சுலபம். தண்ணீரில் எழும்போது ஒரு காலைத் தொங்கவிட்டு எழுந்து, பிறகு உள்ளே விடலாம். இரட்டை பூட்டில் இரண்டு காலும் கட்டுண்டிருக்கும். ஸ்கீயின் மேல் கட்டுப்பாடு கூடும். ஹார்ட் ஷெல் என்பது பனிச்சறுக்கு பூட் போலக் கெட்டியான ஓடு. சிலவற்றில் குதிகால் பக்கம் விடுபடும் கொக்கி இருக்கும். சிலவற்றில் இரண்டு பூட்டும் ஒரே தகட்டில் இருந்து, அந்தத் தகடு 'டூயல் லாக்' பற்றுப்பட்டையால் ஸ்கீயில் ஒட்டியிருக்கும்.

விழும்போது ஒரு கால் வெளியே வந்து மறு கால் உள்ளே மாட்டிக்கொள்வதுதான் பெரிய ஆபத்து. 170 சென்டிமீட்டர் நீளமுள்ள பலகை ஒற்றைக் கணுக்காலைத் திருகும். அதனால் இரண்டும் சேர்ந்து வெளியே வர வேண்டும், அல்லது பின்கால் எந்த நேரமும் தடையின்றி வெளியே வர வேண்டும். ஒரு நிறுவனத்தின் முன் பூட்டையும் இன்னொன்றின் பின் பூட்டையும் கலந்து மாட்டாதீர்கள். விடுபடும் கொக்கியின் இறுக்கத்தை அனுபவமுள்ளவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அமையுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் இறுக்கத்தைத் தானே கூட்டிவிட்டு, கணுக்கால் முறிந்து ஒரு பருவம் முழுவதையும் கரையில் உட்கார்ந்து கழித்தார்.

புதிய ஸ்கீ சரியாகத் திரும்பவில்லை. ஃபின்னை மாற்றலாமா?

முதல் முப்பது ஓட்டம் வரை தொடவே தொடாதீர்கள். நிறுவனம் கொடுத்த அளவில் இருக்கிறதா என்று மட்டும் சரிபாருங்கள்; கடையிலிருந்தே தவறாக வந்த ஸ்கீகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஃபின் என்பது வாலுக்கு அடியில் நிற்கும் மெல்லிய உலோகத் தகடு. அதற்கு மூன்று அளவுகள்: நீளம், ஆழம், வாலிலிருந்து தூரம். அங்குலத்தில் ஏறத்தாழ நீளம் 6.9, ஆழம் 2.5, தூரம் 0.75 என்ற பக்கத்தில் இருக்கும். ஃபின்னின் மேல் ஒரு சிறிய இறக்கையும் உண்டு. அதன் கோணம் பொதுவாக 7 முதல் 9 பாகை. அளப்பது காலிப்பரால், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை. 0.005 அங்குலம் மாற்றினாலே, அதாவது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு, தேர்ந்தவர்களுக்கு வித்தியாசம் தெரியும். இன்னொன்று: காலிப்பரின் முனையால் அளந்தால் நீளம் ஓர் எண், தாடைகளால் அளந்தால் வேறோர் எண். ஒருவர் எண் சொன்னால் எப்படி அளந்தார் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆழத்தைக் கூட்டினால் வால் உறுதியாகப் பிடிக்கும். குறைத்தால் வால் வழுக்கிக்கொண்டு விரைவாகச் சுற்றும். இறக்கைக் கோணத்தைக் கூட்டினால் பந்துக்கு முன் ஸ்கீயின் வேகம் சீக்கிரம் குறையும். மாற்றுவதானால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றும் முன் பழைய எண்களை ஒரு தாளில் எழுதி, அந்தத் தாளைப் படம் எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள்.

பெண்களுக்கென்று தனி ஸ்கீ உண்டா?

பெயரிலும் நிறத்திலும் உண்டு. சில, எடை குறைந்தவர்களுக்கு ஏற்றபடி மென்மையாக வளையும். ஆனால் தேர்வு எல்லோருக்கும் ஒன்றுதான்: எடை, வேகம், கயிறு.

போன மாதம் நன்றாக ஓடிய ஸ்கீ இப்போது முரண்டு பிடிக்கிறது. ஏன்?

தண்ணீர் குளிர்ந்துவிட்டதா என்று பாருங்கள். குளிர்ந்த தண்ணீர் ஸ்கீயை வேறு மாதிரி தாங்கும். கோடையில் வெந்நீர் போல இருந்த அதே ஏரியில், அதே ஃபின் அமைப்போடு, ஜனவரியில் திரும்பும் விதம் மாறிவிடும். அடுத்து ஃபின் திருகுகள் தளர்ந்திருக்கின்றனவா, பைண்டிங் நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய ஸ்கீ வாங்கலாமா?

வாங்கலாம். நான் பலருக்கும் சொல்வது அதைத்தான். மூன்று, நான்கு வருடப் பழைய உச்ச மாடல் பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். அதன் வடிவம் அப்படியொன்றும் பழசாகியிருக்காது.

கையில் வாங்கியதும் ஃபின் பெட்டியைச் சுற்றி விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். விரிசல் முதலில் அங்கேதான் விழும். பைண்டிங் திருகுகளைக் கழற்றி, உள்ளே இருக்கும் மரைகள் தேயாமல் பிடிக்கின்றனவா என்று பாருங்கள். மேல்தோலை விரல் கணுவால் தட்டிக்கொண்டே போனால், தோல் கோரிலிருந்து பிரிந்த இடத்தில் சத்தம் மந்தமாக மாறும். விளிம்பில் ஆழமான கீறல் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கலாம். அதே மாடலின் எடை தெரிந்தால் தராசில் வைத்து ஒப்பிடுங்கள். முன் பைண்டிங்குக்குக் கீழே அடிப்பக்கத்தில் குறுக்காக மெல்லிய கோடுகள் தெரிந்தால் அந்த ஸ்கீ தளர்ந்துவிட்டது. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

விற்கிறவரிடம் அவர் எடை, ஓட்டிய வேகம், கயிறு, ஃபின் எண்கள் நான்கையும் கேளுங்கள். பளிச்சென்று பதில் சொல்கிறவர் ஸ்கீயைக் கவனித்து வைத்திருப்பார்.

அடுத்த ஸ்கீக்கு எப்போது மாறுவது?

55-இல், 18.25 மீட்டர் கயிற்றில் பத்து ஓட்டத்தில் எட்டை முழுதாக முடித்து, 16 மீட்டரில் மூன்று நான்கு பந்து என்று மாதக்கணக்கில் நின்றுவிட்டால், முதலில் ஒரு வீடியோ எடுத்துப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். அவர் உங்கள் உடல் நிலையில் திருத்தம் சொன்னால் அதைச் செய்து இன்னொரு மாதம் பாருங்கள். "நீங்கள் சரியாகத்தான் நிற்கிறீர்கள், ஸ்கீதான் குறுக்கே போக மறுக்கிறது" என்று அவர் சொன்னால், கடைக்குப் போன் செய்து சோதனை ஸ்கீ கேளுங்கள். பழையதை அவசரப்பட்டு விற்றுவிட வேண்டாம். ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.